மாசியும் மிளகாயும்: ஊவாத் தோட்டத்துச் சம்பலின் சரித்திரம்

ரொட்டியும் சம்பலும் என்று சொன்னால் ஊவாவில் அதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமை என்று கிழக்கே போனாலும், ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை என்று மேற்கே ஏறினாலும், தேயிலை மலைகளின் மடிப்புகளில் நிற்கும் லயங்களில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விடியுமுன் கேட்டு வந்த ஓசை ஒன்று உண்டு. அம்மியில் குழவி உருளும் ஓசை அது. பிரட்டுக்களத்துக்குத் தப்பு முழங்குமுன் அந்த வேலை முடிந்தாக வேண்டும். தேயிலையின் சரித்திரத்தை எழுதியவர்கள் தொழிற்சாலையின் இயந்திர ஓசையைக் குறித்துள்ளனர். துரைமாரின் குதிரைக் குளம்பொலியையும் குறித்துள்ளனர். அம்மியின் ஓசையை ஏட்டில் ஏற்றியவர்கள் மிகச் சிலரே.

இக்கட்டுரை அந்த அம்மியின்மேல் அரைபட்ட பொருளைப் பற்றியது. சம்பலுக்கு ஒரு சரித்திரமா என்று வாசகர் புன்னகை செய்யலாம். ஆனால் ஒரு மக்கள் கூட்டம் எதை உண்டது என்பதைவிட, எதைத் தொட்டுக்கொண்டு உண்டது என்பது சில வேளைகளில் அதிக உண்மையைக் கூறிவிடும். சோறும் ரொட்டியும் தோட்டம் அளந்து கொடுத்தவை; அரசாங்கம் அட்டையில் எழுதிக் கொடுத்தவை. சம்பல் ஒன்றே அம்மக்கள் தாமே ஆக்கிக்கொண்டது. ஆகவே அதிலே அவர்களின் அறிவும் தெரியும், அவர்களின் பற்றாக்குறையும் தெரியும்.

இன்று பதுளைக் கடைத்தெருவிலும் சோயாச் சோஸ் போத்தல் நிற்கிறது. கொத்து ரொட்டிக் கடையிலும் சோற்றை வாட்டிக் கொடுக்கும் கடையிலும் அது புழங்குகிறது. ஆசியச் சமையல் என்றாலே அந்தக் கறுப்புச் சாறுதான் என்ற எண்ணமும் அதனுடன் பரவி வருகிறது. சோயா ஒவ்வாத உடம்பினர் உண்டு. அச்சாற்றிலே கோதுமையும் சேர்வதால் அதையும் விலக்க வேண்டியவர்கள் உண்டு. சோயா இல்லாமல் அதற்கு ஈடான ஒரு சாற்றை வீட்டிலேயே ஆக்க முடியுமா என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கான விடையைத் தேடித் தூரதேசம் போக வேண்டியதில்லை. சோயாவை அறியாத காலத்திலேயே ஊவாவின் லயக் காம்பராக்கள் அதற்கு விடை கண்டிருந்தன. அந்த விடை எவ்வாறு உருவானது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை நோக்குவோம்.

*

ஆசியாவின் பெரும்பகுதியில் உழைப்பாளியின் உணவு ஒரே தானியத்தால் ஆனது. நெல்லோ, தினையோ, கோதுமையோ, எதுவாயினும் அது வயிற்றை நிரப்பும், நாவை நிரப்பாது. இறைச்சியும் நெய்யும் செல்வர் வீட்டுப் பொருள்கள். சுவையற்ற பெருஞ்சோற்றை உள்ளே இறக்குவதற்குச் சிறிதளவே போதுமான, கெடாத, உப்புறைப்பான ஒரு பொருள் தேவைப்பட்டது. அத்தேவையே சாறுகளின் தாய்.

சீனத்திலே பண்டைக்காலத்தில் இறைச்சியையும் மீனையும் உப்பிட்டு நொதிக்கவைத்துக் கூழ் ஆக்கினார்கள். ஹான் வம்சக் காலமளவில் அவரையினத்து விதையாகிய சோயாவும் அப்பானைக்குள் புகுந்தது. வேகவைத்த சோயாவில் பூஞ்சணம் பிடிக்கவைத்து, உப்பு நீரில் மாதக்கணக்காக ஊறவிட்டு எடுப்பதே அதன் முறை. ஜப்பானில் அதனுடன் வறுத்த கோதுமையைச் சேர்த்து 'ஷோயு' என்றார்கள். 'சோயா' என்ற பெயரே அச்சொல்லிலிருந்து ஒல்லாந்த வணிகர் வாய்வழியே பிறந்தது. கடலோர நாடுகளோ மீனை விடவில்லை. வியட்நாமிலும் சயாமிலும் மீன் நீர், பர்மாவிலே நப்பி, மலாய் நாட்டிலே இறால் பசை என்று அது பல பெயர் பெற்றது. இன்று தக்காளியால் செய்து போத்தலில் விற்கப்படும் 'கெச்சப்' என்பதன் பெயர்கூடத் தென் சீனத்து மீன் சாற்றின் பெயரிலிருந்து வந்ததென்று மொழியறிஞர் கூறுவர். சோயா இல்லாத சாறு குறைபாடுள்ள ஒரு மாற்றுச் சரக்கு என்று எண்ணுவோர் இதனைக் கருத்திற்கொள்வது நன்று. சரித்திரத்திலே மீனே மூத்தது, அவரை இளையது.

இந்து சமுத்திரத்தின் நடுவே மாலைதீவு மக்கள் கண்ட வழி வேறு. அவர்கள் சூரை மீனைப் பிளந்து, உப்பு நீரில் அவித்து, புகையிலிட்டு, வெயிலில் காயவைத்துக் கட்டைபோல் ஆக்கினார்கள். இதுவே மாசி. 1343ஆம் ஆண்டில் அத்தீவுகளுக்கு வந்து சில காலம் நீதிபதியாகவும் இருந்த இபின் பதூதா இம்முறையைத் தம் பயண நூலில் விவரித்து, அது இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியானதையும் குறிப்பிடுகிறார். மீனை அவித்த நீரையும் அவர்கள் கொட்டிவிடவில்லை. அதை மணிக்கணக்காகக் காய்ச்சிக் குறுக்கிக் கருநிறக் குழம்பாக்கினார்கள். 'றிஹாக்குறு' எனப்படும் அதுவே சோயாவின் துணையின்றி ஆசியா கண்ட கறுப்புச் சாறுகளில் ஒன்று.

இதே சூரை மீனை இதே போல அவித்துப் புகையிட்டு உலர்த்திய ஜப்பானியர் அதற்குக் 'கட்சுவோபுஷி' என்று பெயரிட்டனர். அந்நாட்டுச் சமையலின் அடித்தளம் அது. 1908ஆம் ஆண்டில் தோக்கியோப் பேராசிரியர் இக்கேதா கடற்பாசி நீரிலிருந்து குளுட்டமேற் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகிய நான்கிலும் அடங்காத சுவை ஒன்று உண்டென்று நிறுவினார். 'உமாமி' என்று அவர் அதற்குப் பெயரிட்டார். 1913ஆம் ஆண்டில் அவருடைய மாணவர் கொதாமா, உலர்ந்த சூரை மீனின் சுவைக்குக் காரணமான இனோசினேற்றைக் கண்டறிந்தார். சோயாச் சாற்றின் சுவை முதற்பொருளைச் சார்ந்தது. மாசியின் சுவை இரண்டாவதைச் சார்ந்தது. இரண்டும் நாவில் ஏறக்குறைய ஒரே கதவைத் தட்டுகின்றன. விஞ்ஞானி பரிசோதனைச் சாலையில் கண்டதை, எழுத்தறியாத ஒரு தோட்டத்துத் தாய் அம்மியடியில் கண்டிருந்தாள் என்றால் அது மிகையாகாது. இருவருக்கும் இடையேயுள்ள வேற்றுமை, ஒருவருடைய கண்டுபிடிப்பு ஆலைத் தொழிலாக வளர்ந்தது. மற்றவளுடையது கணக்கில் வராத வேலையாகவே நின்றது.

*

ஊவாவின் லயத்துக்கு மாசி எப்படி வந்து சேர்ந்தது?

தேயிலைக்கு முன்பே ஊவாவுக்கு உப்பும் கருவாடும் கடற்கரையிலிருந்தே வந்தன. கண்டி இராச்சியக் காலத்தில் பொதிமாட்டுத் தவளங்கள் அவற்றைச் சுமந்து ஏறிப் பாக்குடன் இறங்கின. மலையில் உப்பு விளையாது. தென்னையும் உயர்ந்த மலையில் நன்கு காய்க்காது. ஆகவே சம்பலின் சேர்க்கைகளுள் பெரும்பாலானவை ஆதியிலிருந்தே பயணப்பட்டு வந்தவை.

சம்பல் என்ற சொல்லும் அவ்வாறே வந்தது. அது மலாய்ச் சொல். ஒல்லாந்தர் காலத்தில் சாவகத்திலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் போர்வீரர்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுவரப்பட்ட மக்கள் அதை இலங்கைக்குக் கொணர்ந்தார்கள். மிளகாயோ அமெரிக்கக் கண்டத்தின் செடி. போர்த்துக்கேயர் வழியே ஆசியாவுக்கு வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளி கையில் சட்னியும் துவையலும் அரைக்கும் பழக்கம் இருந்தது. அயற் கிராமத்துச் சிங்கள விவசாயியின் வீட்டிலே 'லுணுமிரிஸ்' என்ற உப்பு மிளகாய் இருந்தது. இவை அனைத்தும் ஊவாவின் அம்மியில் ஒன்றாக அரைபட்டன. இனத்தின் பெயராலும் மொழியின் பெயராலும் தூய்மை பேசுவோர், இச்சம்பலில் எந்தத் துளியைத் தமக்கென்று பிரித்தெடுப்பார்கள்?

1860களின் இறுதியில் கோப்பியை இலைநோய் தாக்கியது. தொடர்ந்து வந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் கோப்பி மலைகள் தேயிலை மலைகளாயின. ஊவா 1886ஆம் ஆண்டில் தனி மாகாணமாயிற்று. 1894இல் பண்டாரவளையை எட்டிய இரயில் பாதை 1924ஆம் ஆண்டிலேயே பதுளையைத் தொட்டது. தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக இடப்பட்ட அப்பாதையில், திரும்பி ஏறும் பெட்டிகளில் அரிசி மூட்டைகள் வந்தன. காய்ந்த மிளகாயும் மாசியும் வந்தன. மாலைதீவின் மாசி வர்த்தகம் அக்காலத்தில் பெரும்பாலும் கொழும்போடு நடந்தது. அதில் போறா வணிகரின் கை ஓங்கியிருந்தது. மாலைதீவின் மீனவன் பிடித்த மீன், பல கை மாறி, ஒவ்வொரு கையிலும் விலை ஏறி, இறுதியில் தோட்டத்துக் கடையின் கடன் புத்தகத்தில் ஒரு வரியாக வந்து நின்றது.

ஏன் கடன்? கூலியைச் சற்று நோக்கினால் விளங்கும். தொழிலாளி ஊரைவிட்டுப் புறப்படும்போதே கங்காணியிடம் கடன்பட்டான். அக்கடனைத் தோட்டத்துக்குத் தோட்டம் எடுத்துச் சென்ற 'துண்டு' முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி முதன்முறையாகக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்டு, 1929இல் நடைமுறைக்கு வந்தது. உயர் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். சிறுவருக்கு 32 சதம். அரிசியைப் புசல் ஒன்றுக்கு 4 ரூபா 80 சதத்துக்கு மேற்படாத விலையில் தோட்டமே வழங்க வேண்டும். அதன் விலை கூலியில் கழிக்கப்படும். அதாவது, கூலியின் பெரும்பகுதி பணமாகக் கையில் விழுமுன்பே அரிசியாக மாறிவிட்டது. எஞ்சிய சில்லறையில்தான் மிளகாய், உப்பு, மாசி, மண்ணெண்ணெய், துணி, மருந்து, திருவிழா எல்லாம்.

இங்கேதான் சம்பலின் பொருளாதாரம் தெளிவாகிறது. கறிக்குக் காய் வேண்டும், எண்ணெய் வேண்டும், விறகு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் வேண்டும். காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மாலையில் கடைசிக் கொழுந்தை நிறுத்துவிட்டுத் திரும்பும் பெண்ணுக்கு இவற்றில் எது இருந்தது? சம்பலுக்கு அடுப்பு வேண்டாம். கால் மணி நேரம் போதும். சிறு துண்டு மாசி ஒரு குடும்பத்தின் ரொட்டி முழுவதற்கும் சுவை தரும். மலையில் நிரையோரத்தில் நின்றபடியே உண்ணலாம்; மழையில் நனைந்தாலும் உறைப்புக் குறையாது. மூலதனம் தொழிலாளியின் நேரத்தைக் கடைசித் துளிவரை உறிஞ்சிய இடத்தில், மிஞ்சிய கால் மணி நேரத்துக்குள் ஆக்கக்கூடிய உணவு எதுவோ அதுவே அம்மக்களின் உணவாயிற்று. அதனை ஆக்கிய உழைப்புக்குச் செக்ரோலில் பேர் இல்லை.

அரிசியை அளந்தவனே கூலியையும் அளந்த ஓர் அமைப்பில் வேலைநிறுத்தம் என்பது அடுப்பையே நிறுத்தத் துணிவதாகும். அந்தத் துணிவும் ஊவாவில் பிறந்தது. 1940ஆம் ஆண்டில் பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமது குழுவைத் தாமே தெரிந்தெடுத்து, சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கத் தலைமையில் நடத்திய வேலைநிறுத்தம் மலைநாட்டு வரலாற்றில் தனியிடம் பெற்றது. சம்பலைத் தின்று உயிர் வாழக் கற்றவர்கள் அதனோடு அடங்கிவிடவில்லை என்பதற்கு அது சாட்சி.

*

செய்முறையையும் கூறாவிட்டால் இக்கட்டுரை குறையுடையதாகும்.

ஐவர் உள்ள வீட்டுக்குக் காய்ந்த மிளகாய் பத்துப் பன்னிரண்டு போதும். அதை வெறுஞ்சட்டியில் மணம் எழும்வரை வாட்டி, கல்லுப்புடன் சேர்த்து முதலில் நுணுக்க வேண்டும். உப்பின் கூர்மை மிளகாய்த் தோலை உடைக்கும், நீர் சேர்ப்பதில்லை. அடுத்து, முன்பே இடித்து வைத்த மாசித்தூள் இரண்டு கரண்டி. அதையும் சேர்த்து ஓட்டிய பின், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயத்தை வைத்து நசுக்க வேண்டும். வெங்காயத்தை மையாக அரைத்தால் கசக்கும். நசுங்கி நீர் விடும் அளவே போதும். இறுதியில் அரைத் தேசிக்காயைப் பிழிந்து வழித்தெடுத்தால் கட்டைச் சம்பல். தேங்காய்ப்பூச் சேர்த்தால் தேங்காய்ச் சம்பல். நாள்பட வைத்துக்கொள்ள வேண்டுமாயின் தேசிக்காய்க்குப் பதிலாகப் புளியைக் கரைத்து, சிறிது எண்ணெயில் வதக்கி எடுப்பார்கள்.

சோயாச் சோஸுக்கு ஈடாகச் சாறாகவே வேண்டுவோர் இதே பொருள்களைக்கொண்டு ஆக்கிக்கொள்ளலாம். ஒரு பிடி மாசித்தூளை இரண்டு குவளை நீரில் இட்டு, நெல்லிக்காயளவு புளியும், சிறு துண்டு கித்துள் கருப்பட்டியும், தாராளமாக உப்பும் சேர்த்து, நீர் பாதியாக வற்றும்வரை சிறு தீயில் காய்ச்சி வடிகட்டினால் கபில நிறமான ஒரு சாறு கிடைக்கும். அதில் சோயாவும் இல்லை, கோதுமையும் இல்லை. சோற்றிலும் கீரையிலும் சில துளி விட்டால் போதும். உப்பு மிகுதியாகையால் அளவாகக் கொள்வது நலம். நொதிக்கவைத்த சாற்றைப்போல் மாதக்கணக்கில் இது நில்லாது. சில நாட்களுக்குள் பயன்படுத்த வேண்டும்.

*

சம்பல் தோட்டத்தில் நிலைபெற்றதற்கு மற்றொரு காரணம் கோதுமை மாவு. 1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு வந்த பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மாவு வந்தது. போர் முடிந்த பின்பும் மாவு போகவில்லை. பிறகு அமெரிக்காவின் மிகை தானியமும் அதே வழியில் வந்தது. சோற்றுக்குக் குழம்பு வேண்டும். ரொட்டிக்குச் சம்பல் போதும். உலக யுத்தமும் வல்லரசுகளின் தானிய வியாபாரமும் ஊவாவின் காம்பராவுக்குள் நுழைந்து உணவு வழக்கத்தையே மாற்றிவிட்டன. இன்று 'மலையகத்தின் பாரம்பரிய உணவு' என்று நாம் கொண்டாடும் ரொட்டி இவ்வாறு வேரூன்றியதே.

எழுபதுகளின் தொடக்கத்தில் நிகழ்ந்ததை ஆசிரியர்களும் மாணவர்களும் ஊன்றி நோக்க வேண்டும். அந்நியச் செலாவணி நெருக்கடியால் அரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. மிளகாய், வெங்காய இறக்குமதி தடைப்பட்டது. உள்நாட்டு விவசாயத்தை ஊக்குவிக்கும் அக்கொள்கையால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நல்ல விலை கண்டார்கள். அவர்களின் உழைப்பு அதற்குத் தகுதியானதே. மாசி இறக்குமதியும் 1971, 1972ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டது. மாலைதீவின் பொருளாதாரம் அதனால் ஆட்டங்கண்டது. ஜப்பானியக் கம்பனிகள் அங்கு வந்து பச்சை மீனை வாங்கத் தொடங்கின. நெடுங்காலம் கொழும்புக்கு வந்த மீன் திசை மாறிற்று.

இதன் முழுச் சுமையும் யார்மேல் விழுந்தது? பயிரிட ஒரு துண்டு நிலமும் இல்லாதவன்மேல். கிராமத்து விவசாயி கொல்லையில் நாலு மிளகாய்ச் செடி வைக்கலாம். ஈரப்பலா மரம் ஒன்று அவனுக்கு உதவும். லயத்துத் தொழிலாளியோ, ஆயிரக்கணக்கான ஏக்கரில் பயிர் செய்தும், தனக்கென்று ஒரு முழ நிலம் இல்லாதவன். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவனுடைய வாக்கையும் பறித்துவிட்டபடியால், மாசிக்காகவோ மிளகாய்க்காகவோ பாராளுமன்றத்தில் அவன் பெயரால் பேசுவாரும் அருகினர். 1973இல் உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது. அரிசிப் பங்கீடும் மாவும் குறைக்கப்பட்டன. 1974ஆம் ஆண்டில் தோட்டங்களின் மரண விகிதம் பெரிதும் உயர்ந்தது. மிளகாய் விலையேறி மாசி அருகிவிட்ட அந்நாட்களில் சம்பலின் சுவைக்கு உப்பன்றி நம்பத்தக்க துணை வேறில்லை. ரொட்டியே இல்லாத வீட்டில் சம்பல் எதற்கு?

முற்போக்குக் கொள்கை என்று நாம் ஏற்பவற்றையும் இங்கே சீர்தூக்கிப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு. தேசிய உற்பத்தியைக் காப்பது சரியான நோக்கம். ஆனால் தேசத்துக்குள் நிலமற்றவனும் வாக்கற்றவனும் இருக்கும்வரை, நல்ல நோக்கமுடைய திட்டத்தின் கொடுமையும் முதலில் அவன் தட்டில்தான் விழும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. லயமும் கூலியும் லயமாகவும் கூலியாகவுமே நின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கென்று ஒதுக்கப்பட்டோர் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர். பசி துரத்திய அந்த ஆண்டுகளில் தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்கள் பல. அவர்களுட் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலையையே பறிக்கச் சென்றார்கள்.

சோயா தோட்டத்துக்கு வந்ததும் அக்காலத்தை ஒட்டியே என்பது கவனிக்கத்தக்கது. அது சுவைச் சாறாக வரவில்லை. ஊட்டமற்ற தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமென 1973ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்ட திரிபோஷ மாவில் சோளத்துடன் சேர்ந்து அது வந்தது. பின்னர் 'சோயா மீற்' என்ற பெயரில் இறைச்சியின் இடத்தைப் பிடித்தது. ஒரு நாட்டில் சுவைக்காகப் பிறந்த அவரை, மற்றொரு நாட்டில் குறைவூட்டத்துக்கு மருந்தாக வர நேர்ந்தது. அவரைமீது நமக்குப் பகையில்லை. மருந்து தேவைப்பட்ட காரணத்தையே கேட்கிறோம்.

*

அக்காலம் போய்விட்டது என்று கூறுவோர் உண்டு. மாற்றங்கள் நிகழ்ந்தன என்பது மெய். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி 1984இல் வந்தது. வாக்குரிமை படிப்படியாக மீண்டது. நாட்கூலி ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இல் சட்டமாயிற்று. ஆனால் அடுத்த ஆண்டிலேயே நாட்டைச் சூழ்ந்த நெருக்கடியில் கோதுமை மாவின் விலை பன்மடங்கு ஏறியதும், அந்த ஆயிரத்தின் பெறுமதி அம்மியடியில் அம்பலமாயிற்று. 2016ஆம் ஆண்டின் தேசியக் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்குப் பதினேழு பேர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ந்தனர். தோட்டப் பகுதியில் அத்தொகை நூற்றுக்கு முப்பத்திரண்டு. இது ஒரு தலைமுறையின் கணக்கன்று. தாய் உண்ணாதது மகளின் எலும்பில் எழுதப்படுகிறது.

இப்பொழுது நகரத்து உணவுச்சாலைகளில் 'எஸ்டேட் ரொட்டி, கட்டைச் சம்பல்' என்று எழுதி வைக்கிறார்கள். எல்லவுக்கும் அப்புத்தளைக்கும் வரும் உல்லாசப் பயணிகள் அதைச் சுவைத்துப் பாராட்டுகிறார்கள். பாராட்டு தகுதியானதே. ஐந்து நாடுகளின் பொருள்களை ஒரு கல்லில் கூட்டி, ஐந்தாஞ்சுவையைத் தாமே கண்டுணர்ந்த மக்களின் கலை அது. ஆனால் மேசையில் அச்சம்பல் மீன் கறிக்கும் பருப்புக்கும் பக்கத்தில் வைக்கப்படுகிறது. லயத்திலோ அது தனியே நின்றது. சம்பலைப் புகழ்ந்துவிட்டு, அதன் பக்கத்தில் இருக்க வேண்டிய மீனும் பருப்பும் பாலும் எங்கே போயின என்று கேளாமல் விடுவது, வறுமையை ருசியென்று விற்பதாகவே முடியும்.

ஊவாவின் பள்ளிக்கூடங்களில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேயிலை வந்த ஆண்டும் இரயில் வந்த ஆண்டும் பாடப் புத்தகத்தில் உள்ளன. சம்பலில் மாசி இருந்த ஆண்டு எது, இல்லாத ஆண்டு எது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது அம்மாயிகளின், அப்பாயிகளின் நினைவில் மட்டுமே உண்டு. எழுபதுகளில் இளந்தாய்மாராயிருந்தவர்கள் இன்று எண்பதைத் தொடுகிறார்கள், காலம் அதிகமில்லை. எந்த வருஷம் என்ன அரைத்தீர்கள், மிளகாய் என்ன விலை, யாருக்கு முதலில் வைத்தீர்கள், நீங்கள் எப்பொழுது உண்டீர்கள் என்று மாணவர் தம் வீட்டிலேயே கேட்டு எழுதி வரட்டும். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் விடைகளைத் தனியே தொகுத்து வைக்க வேண்டும். குடும்பத்தில் எல்லோரும் உண்டபின் சட்டியில் ஒட்டியிருந்த சம்பலை ரொட்டித் துண்டால் துடைத்து உண்டவர்கள், நாட்டின் பெரும் ஏற்றுமதிப் பொருளைத் தம் விரல்களால் பறித்தவர்களே.

சம்பல் நிலைக்கட்டும். பல கடல்களைக் கடந்து வந்து ஊவாவின் கல்லில் ஒன்றான அந்தச் சுவையை இழக்க நமக்கு மனமில்லை. ஆனால் அது தொட்டுக்கொள்ளும் பொருளாகவே இருக்கட்டும். அதையே உணவென்று உண்ண வேண்டிய நிலை இனியொரு பிள்ளைக்கும் வேண்டாம்.